ஒத்தை வளையம்

“சாமி கொடுத்த உடம்புல ஓட்டை போடலாமாட்டி?”

மாமியார் சுந்தரம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். கேட்ட வாய்க்கு மேலே மூக்கில் ரெண்டு, காதுகளில் ஆறு, ஆக எட்டு ஓட்டை. எட்டிலும் தங்கம் மின்னியது.

சேலை மறைப்புக்குள், மருமகள் முத்துசெல்வி மடியில் ஏழு மாதப் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. புதூர்ப் பக்கம் குலசாமி கோயில். இன்னும் கொஞ்ச நேரத்தில் பேத்திக்குக் காதுகுத்து.

சங்கதி இதுதான். கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் வேலை பார்த்தபோது, முத்துசெல்வி ரெண்டு மார்க்காம்பிலும் குத்திச் சின்னத் தங்க வளையம் மாட்டியிருந்தாள். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் கழற்றிப் பர்ஸுக்குள் போட்டுவிட்டாள். “வளையம் இல்லாம தாராளமா பால் குடுக்கலாம்” என்று நர்ஸம்மாவும் சொல்லிவிட்டார். பிள்ளையும் கொழுகொழுவென்று வளர்ந்தது.

போன வாரம்தான் மாமியார் கண்ணில் பட்டது.

“என்னட்டி இது, பால் பக்கவாட்டுல சொட்டுது?”

பொய் சொல்லத் தெரியாதவள், உள்ளதைச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்குப் பேர் ஓட்டைப் பால்.

“இன்னைக்கோட சரி. நாளையிலருந்து எம்பேத்திக்கு டப்பாப் பால்தான்” என்று கோயிலில் வைத்தே முடிவாகச் சொன்னாள் மாமியார்.

“பாட்டிலைத் தொட மாட்டேங்கு, அத்தை.”

“பசிச்சா தொடும்.”

மறைப்புக்கு வெளியே நின்ற புருஷன் கார்த்திகேசன், காதில் விழாதவன் மாதிரி ரேடியோ செட்காரரைப் பார்க்கப் போய்விட்டான்.

பிள்ளையைத் தாய்மாமன் செல்வகணேஷ் மடியில் உட்கார வைத்தார்கள். முதல் சத்தம் சுந்தரம்மாளுடையதுதான்.

“ஆசாரி, நல்லா அழுத்திக் குத்துங்க. ஓட்டை தூந்து மூடிறக் கூடாது!”

வலது காதில் தோடு ஏறியது. இடது காதைக் குத்தியதும் பிள்ளை விட்ட உதையில் ஆசாரி கையிலிருந்த தோடு தெறித்தது. கோடைக்கு வாய் பிளந்து கிடந்த கரிசல். நேரே வெடிப்புக்குள் போய்விட்டது. தாய்மாமன் முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினான். மண்தான் வந்தது.

“தங்கம் ஏறாம எந்திரிக்கக் கூடாதே! குலசாமிக்குக் குத்தம்லா!” என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது.

எல்லார் கண்ணும் சுந்தரம்மாள் காதுக்குப் போனது. அவள் ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

“எனக்குத் திருகாணி இறுகிப் போச்சு.”

முத்துசெல்வி பர்ஸைத் திறந்து சின்ன வளையம் ஒன்றை எடுத்து நீட்டினாள். சுந்தரம்மாள் காதை விட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆசாரி அதை வெந்நீரில் கழுவி, வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

“அசல் தங்கம்! பிள்ளைக் காதுக்குன்னே செஞ்ச மாதிரில்லா இருக்கு. எங்கன எடுத்தது, தாயி?”

“அது வந்து...” என்று முத்துசெல்வி ஆரம்பிப்பதற்குள் சுந்தரம்மாள் பாய்ந்து வந்தாள்.

“நான் எடுத்துக் குடுத்தது!”

“பாத்தியளா, மாமியாருன்னா இப்படில்லா இருக்கணும்!” என்றார்கள் சொந்தக்காரர்கள். குலவைச் சத்தம் கோயிலைத் தாண்டிக் கேட்டது. சுந்தரம்மாள் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

பிள்ளை வீறிட்டது. யாரோ நீட்டிய பாட்டிலைத் துப்பியது. சுந்தரம்மாள் பிள்ளையை வாங்கி மருமகள் மடியில் போட்டு, தானே சேலையை இழுத்து மறைத்தாள்.

“பால் குடுட்டி.”

“நாளைக்கு, அத்தை?”

“நாளைக்கும்தான். பிள்ளைக்குத் தாய்ப்பால் மாதிரி வருமா?”

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மறைப்புக்குள் தலையை நீட்டினாள். குரல் இறங்கியது.

“ஏட்டி, ஒரு காதுல தோடு, ஒரு காதுல வளையம்னா ஊரு சிரிக்கும்லா. அந்தப் பக்கத்து வளையத்தையும் எடு.”