மூடிவரை எழுதிக்கொண்ட டப்பா

ஒரு சமையலறை அலமாரியில் யாருக்கு எது வேண்டுமானாலும் எறும்பக்காவிடம்தான் வழி கேட்பார்கள். அவள் முதலில் சொல்லும் இடத்துக்கே எல்லோரும் போவார்கள். பின்வரிசையில் பெயர் எழுதாத ஒரு வெந்தய டப்பா இருந்தது. அதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆள் வராத டப்பாவைப் பரணில் ஏற்றிவிடுவார்களே என்ற கவலை அதை அரித்தது.

ஆகவே அது தன்மேல் ‘கற்கண்டு’ என்று எழுதிக்கொண்டது. அதுவும் போதாதென்று ‘தேன், வெல்லம், அசல் கற்கண்டு’ என்று மூடிவரை எழுதி நிரப்பியது. எறும்பக்காவும் நம்பித் தன் தங்கைகள் பத்துப் பேரை அனுப்பினாள். போன வேகத்திலேயே பத்துப் பேரும் துப்பிக்கொண்டு திரும்பினார்கள்.

“இனி உன்னை என் வாயால் சொன்னால் கேள்!” என்றாள் எறும்பக்கா. டப்பாவுக்கு மூடி கழன்று விழாத குறை. எழுதியதை அழிக்கப் பார்த்தது, மை அழியவில்லை.

மறுநாள் ஒரு சுண்டெலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தது.

“வலி தாங்கவில்லை, அக்கா. வெந்தயம் எங்கே கிடைக்கும்?”

“அப்படி யாரும் எழுதி வைக்கவில்லையே, தம்பி. அந்தப் பின்வரிசைப் புளுகன் பக்கம் மட்டும் போய்விடாதே. எழுதியிருப்பது கற்கண்டு, வாயில் வைத்தால் ஒரே கசப்பு!”

“கசப்பா?” என்று கேட்ட சுண்டெலி, வலியையும் மறந்து பின்வரிசைக்கு ஓடியது.

அன்றுமுதல் வயிற்றுவலி என்று யார் வந்தாலும் எறும்பக்கா முதலில் சொல்வது அந்த டப்பாவைத்தான்.

“பின்வரிசையில் மூன்றாவது. நல்ல சரக்கு. மேலே எழுதியிருப்பதை மட்டும் படித்துவிடாதே.”