பல்லி கொட்டிய உச்சு

அடுப்படிச் சுவரில் இருந்த பல்லி காலையிலிருந்து பட்டினி. கீழே கருவாட்டுத் துண்டு ஒன்று காணாமல் போனதை விசாரிக்கக் காவல் நாய் வந்திருந்தது. பூனையும் அணிலும் அதன் முன்னால் நின்றன.

"நான் தொடவே இல்லீங்க" என்றது பூனை. அந்த நேரம் பார்த்துப் பல்லி உச்சுக் கொட்டியது.

"பல்லியே சொல்லிடுச்சு. நீ பேசுனது உண்மைதான், போ" என்றது நாய். பூனை மீசையை நக்கிக்கொண்டே போயிற்று.

"நானும் தொடலீங்க" என்று அணில் அழுதது. நாய் காதைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தது. பல்லியிடமிருந்து சத்தமே இல்லை.

"அப்ப நீ சொல்றது பொய்!"

பல்லி வாயிலிருந்த ஈயை அவசரமாக விழுங்கிவிட்டுக் கத்தியது: "அநியாயம் பண்ணாதீங்க நாயண்ணே! பூனை பேசுனப்ப வாய்க்கு வந்த கொசு தப்பிச்சுப் போச்சு, அந்தக் கடுப்புல கொட்டுனேன். அணில் பேசுனப்ப என் வாயில ஈ இருந்துச்சு. எது மெய், எது பொய்னு எனக்கு எப்படித் தெரியும்? அணில் என்னைக்குக் கருவாடு தின்னுச்சு? பூனை வாயை மோந்து பாருங்க, உங்களுக்குத்தான் மூக்கு இருக்கே!"

"நீ பேசுறதெல்லாம் சாட்சி ஆகாது. உச்சுக் கொட்டுனாத்தான் சாட்சி" என்ற நாய், அணிலின் வாலை மிதித்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னது: "இந்த அணில்தான் திருடன்."

இப்படியும் ஒரு ஜென்மமா என்று பல்லிக்குத் தாங்கவில்லை. தன்னை அறியாமல் உச்சுக் கொட்டிவிட்டது.

"கேட்டியா?" என்றது நாய் அணிலிடம். "பல்லியே சொல்லிடுச்சு."