ருசி பார்க்க வந்தவள்

“புளி பத்தாதுக்கா.”

பாக்கியலக்ஷ்மிக்கு எரிச்சல் தலைக்கேறியது. இறக்கி வைத்த சாம்பாரில் ஆவிகூட அடங்கவில்லை. அதற்குள் பாண்டிச்செல்வி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

மட்டாஞ்சேரி கடைவீதிக்குப் பின்னால் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் மதியச் சமையல் பாக்கியலக்ஷ்மியுடையது. பரிமாறும் முன் பிள்ளைகளின் அம்மாக்களில் ஒருத்தி ருசி பார்க்க வேண்டும் என்று அங்கே ஏற்பாடு. மற்றவர்கள் முறை வைத்து வருவார்கள், உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கி நக்குவார்கள், “நன்னாயிட்டுண்டு சேச்சி” என்று போய்விடுவார்கள். இவளோ ஓணம் லீவு முடிந்ததிலிருந்து தினமும் வந்து நிற்கிறாள்.

“ருசி பாக்க ஒரு கரண்டி போதாதா? தட்டு நிறைய வாங்குறியே!”

“சோத்துல பெசைஞ்சாத்தானக்கா சாம்பாரு தெரியும்?” என்று மறுசோறும் போட்டுக்கொண்டாள் பாண்டிச்செல்வி.

“பிள்ளைங்க தட்டை வழிச்சு நக்குதுங்க. உனக்கு மட்டும் நேத்து மோர்க்கறி புளிக்கலை, இன்னைக்கு சாம்பார் புளிக்கலை!”

“நாக்கு சொல்றதைத்தான நான் சொல்ல முடியும்?”

என் வேலைக்குக் கண் வைக்கிறாள், வேறென்ன என்று கறுவினாள் பாக்கியலக்ஷ்மி.

மறுநாள் ஒரு காரியம் செய்தாள். பாண்டிச்செல்விக்கு எடுத்து வைத்த கிண்ணத்தில் மட்டும் கெட்டிப் புளிக்கரைசலை ஒரு கரண்டி ஊற்றிக் கலந்தாள். இன்றைக்கும் பத்தாது என்று சொல்லட்டும், வாயை அடைத்துவிடலாம்.

பாண்டிச்செல்வி பிசைந்தாள், தின்றாள், விரல்களைச் சூப்பினாள்.

“இப்பத்தாங்க்கா சாம்பாரு மாதிரி இருக்கு!”

அவள் போனதும் கிண்ணத்தில் மீந்ததைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள் பாக்கியலக்ஷ்மி. பல்லெல்லாம் கூசியது. கையைக்கூடக் கழுவாமல், சாப்பாட்டுப் பொறுப்பில் இருந்த சீதாலக்ஷ்மி டீச்சரிடம் ஓடினாள்.

“டீச்சர், நாளைக்கு அவ இந்தப் படி ஏறினா, நான் கரண்டியைப் போட்டுட்டு இறங்கிடுவேன்!”

“சேச்சி, கொஞ்சம் க்ஷமிங்க.”

“இன்னும் எவ்வளவு க்ஷமிக்கறது? உப்பும் தெரியாது, புளியும் தெரியாது, இந்த நாக்கை வச்சுக்கிட்டு எனக்கு மார்க் போடறா!”

“அவளை வரச் சொன்னதே நான்தான். புருஷன் போன இடம் தெரியலை. மிளகு கோடவுன்ல வேலையும் நின்னுபோச்சு. சும்மா சோறு தந்தா தொட மாட்டா. அதான் ருசி பாக்கற வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

“பாவம்தான், இல்லைங்கலை. ஆனா இது பிள்ளைங்களுக்குன்னு வந்த அரிசி டீச்சர்! தடி மாடு மாதிரி ஒரு பொம்பளை வந்து மறுசோறு வாங்கித் தின்னா அதுங்களுக்கு எங்க காணும்? ஆமா, கேக்கறேன், அவ பிள்ளை எந்த கிளாஸு? வரிசையில ஒருநாளும் நான் பாத்ததில்லையே!”

டீச்சர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இன்னும் பொறக்கலை, சேச்சி.”