கேரியரில் ஏறியவர்

தப்பு என்னுடையதுதான். போன செவ்வாய்க்கிழமை காலை, வாய்க்கால் பாலத்துக்கு முன்னால், கையுறை மாட்டுவதற்காக சைக்கிளை மெதுவாக்கினேன். நெதர்லாந்தில், இந்த லெய்டன் ஊரில், அப்படி மெதுவாக்கினால் 'ஏறிக்கொள்' என்று அர்த்தம். பின்னால் கேரியரில் யாரோ தொப்பென்று குதித்து உட்கார்ந்தார்கள். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. பாரம் மட்டும் இருந்தது. மீன்கடை முனையில் இறங்கிக்கொண்டது.

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. மெதுவாக்காவிட்டாலும் ஏறுகிறது. வேலைக்குத் தினமும் தாமதம். சைக்கிள் கடை வீபே பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு முறைத்தார்.

"மூணு போக்ஸ் கம்பி போச்சு. யாரைம்மா இப்படி ஏத்திட்டுப் போறீங்க? சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லுங்க."

"யாருன்னு தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு."

நேற்று எதிர்க்காற்று வேறு. பாலத்து ஏற்றத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏறி உக்காரத் தெரியுதுல்ல, மேட்டுல இறங்கித் தள்ளத் தெரியாதா?" என்று திரும்பாமலே கத்தினேன். பக்கத்தில் ஓட்டிக்கொண்டு வந்தவர் கொஞ்சம் விலகிக்கொண்டார்.

இன்று அதே பாலம், அதே காற்று. ஏற்றம் தொடங்கியதும் பாரம் இறங்கியது. முதுகில் ஓர் உள்ளங்கை பதிந்தது. காற்றடிக்கும்போது பக்கத்தில் சைக்கிளில் வரும் பிள்ளையை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போவோமே, அப்படி. நான் மிதிக்கவே இல்லை.

வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தேன். பின்னாலேயே வந்த, கூட வேலை பார்க்கும் லோட்டே கேட்டாள்: "மழையே இல்லையேடி, முதுகு ஏன் இப்படி நனைஞ்சிருக்கு?"

கழற்றிப் பார்த்தேன். நேற்றுதான் சலவையிலிருந்து வாங்கிய கோட்டு. ஐந்து விரலும் தெளிவாக, வாய்க்கால் பாசி.