சல்லடை சார்

“அந்தச் சல்லடையத் தூக்கி வெளிய போடுங்கப்பா. எம்புட்டுப் பந்துதான் ஒழுகும்?”

விருமாண்டியின் குரல் சமயநல்லூர் மைதானத்தைத் தாண்டி மெயின் ரோடு வரைக்கும் கேட்டது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற கூட்டம் மொத்தமும் சிரித்தது. அப்போதுதான் எதிராளியின் காலிலிருந்து பந்தைச் சுத்தமாகப் பறித்து அனுப்பியிருந்த ஆசீர்வாதத்துக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

ஆசீர்வாதம் விடிவெள்ளி டீமின் பேக். கோலுக்கு முன்னால் நின்று மறிக்கிற வேலை. அந்த வருடம் அவனைத் தாண்டிப் போன பந்துகள் ரொம்பக் குறைவு. ஆனாலும் அவன் பந்தைத் தொட்டாலே, விடிவெள்ளியின் ஒரு மேட்சையும் விடாமல் பார்க்க வரும் விருமாண்டி ஆரம்பித்துவிடுவார்.

அதுவே முன்வரிசை சுருளி தொட்டால் அதே வாயில் தேன் சொட்டும். “ஏ தங்கம், ஏ சிங்கக்குட்டி, காலாடா அது, வைரம்டா.” சுருளி யாருக்கும் பந்தைக் கொடுக்க மாட்டான். தானே கொண்டுபோய்த் தொலைத்துவிட்டு வந்தாலும் விருமாண்டி கைதட்டுவார். பாவம், சுருளிக்கு அந்த சீசன் முழுக்க ஏதாவது ஒரு அடி. அன்றைக்கும் கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டுதான் ஆடினான்.

அந்த செமி பைனலில் ஒரு கோலில் ஜெயித்தார்கள். ஜெயித்த கையோடு ஆசீர்வாதம் பூட்ஸைக் கழற்றி, கேப்டன் ராயப்பன் முன்னால் வைத்தான்.

“அண்ணே, ஞாயித்துக்கிழமை பைனலுக்கு என்னையத் தேடாதீங்க. இனிமே எந்த மேட்சுக்கும் தேடாதீங்க.”

“ஏன்டா, ஒரு ஆளு கத்துறதுக்காகவா?”

“உங்களுக்கு அது ஒரு ஆளு. நான் நாகமலை புதுக்கோட்டையில டிரில் மாஸ்டர். போன வாரம் ஆறாப்புப் பய ஒருத்தன் ‘சல்லடை சார் வாராரு’ங்கிறான். பிரேயர்ல நின்ன அம்புட்டுப் பேரும் சிரிக்கிறாங்க. எட்மாஸ்டரும் சேந்து சிரிக்கிறாரு.”

ராயப்பன் சிரிப்பை அடக்கத்தான் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

“அலங்காநல்லூர்க்காரங்க அடிச்சு ஆடுவாங்க. நீ இல்லாட்டி கப்பு கெடையாது மாப்ள. போறதுதான் போற, அந்தாளு மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ.”

மறுநாள் காலை, கேட்டே தீர்வது என்று ஆசீர்வாதம் சைக்கிளை மிதித்தான். வழி முழுக்கக் கேள்வியை மனசுக்குள் விதவிதமாகச் சொல்லிப் பார்த்தான். எப்படிக் கேட்டாலும் சண்டையில்தான் முடிந்தது.

விருமாண்டி தன் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. கன்னத்தில் எட்டணா அகலத்துக்கு மை.

“நோஞ்சான் பயலே, கொரங்கு மூஞ்சி, உன்னையெல்லாம் எவன்டா தூக்குவான்?”

பெற்ற பிள்ளைக்கே இந்தப் பேச்சு என்றால் நமக்கு எங்கே மரியாதை கிடைக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டே ஆசீர்வாதம் ஸ்டாண்டைப் போட்டான்.

“அடடே, சாரா? வாங்க, வாங்க. ஏ தங்கப்பொண்ணு, யாரு வந்திருக்காகன்னு பாரு.”

“நான் உக்கார வரலண்ணே. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிர்றேன். நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?”

விருமாண்டி முழித்தார். “என்ன சார் சொல்றீக?”

“வாரா வாரம் ஊரு முன்னால என்னைய நாறடிக்கிறீங்கள்ல. நான் டீமை விட்டே போறேன். இனி நிம்மதியா இருங்க.”

விருமாண்டியின் முகம் பேயறைந்தது மாதிரி ஆகிவிட்டது. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். உள்ளேயிருந்து மோர்ச் செம்போடு வந்த அவர் சம்சாரம் தங்கப்பொண்ணுதான் பேசினாள்.

“நீங்கதான் ஆசீர்வாதம் சாரா? மேட்ச் அன்னைக்கு உங்க பேரைச் சொல்லி உப்பும் மொளகாயும் சுத்தி அடுப்புல போட்டுட்டுத்தான் இந்த மனுசன் வெளிய கெளம்புவாரு. பெத்த புள்ளைக்குக்கூட மாசம் ஒருக்காத்தான்.”

“எனக்கா? எதுக்கு?”

“கண்ணு பட்றக் கூடாதுன்னுதான் சார்.” விருமாண்டி அவசரமாகக் குறுக்கே வந்தார். “இந்தச் சுத்துவட்டாரத்துல உங்கள மாதிரி ஒரு பேக்கு கெடையாது. அதை வாயவிட்டுச் சொல்ல முடியுமா? என் வாயி அப்பிடி. போன வருசம் நம்ம கோல்கீப்பர் பேயாண்டியப் புலி, புலின்னு கத்துனேன். மறுவாரமே பஸ்ஸுல ஏறயில வழுக்கி விழுந்து கைய ஒடிச்சுக்கிட்டான். வீட்டு எருமை நல்லாக் கறக்குதேன்னு ஒரு நா சொன்னேன். அன்னையோட வத்திப்போச்சு. நல்லாருக்கணும்னு நெனைக்கிறவுகள நான் வைய மட்டுந்தான் செய்வேன்.”

இடுப்பிலிருந்த குழந்தை எட்டி ஆசீர்வாதத்தின் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. வந்த கோபம் எந்தப் பக்கம் போனதென்று அவனுக்கே தெரியவில்லை. மோரை வாங்கி மடமடவென்று குடித்தான்.

“அப்ப ஞாயித்துக்கிழமை வாரீகள்ல?”

“வாரேன். நல்லா வைங்க. அந்தச் சல்லடைய மட்டும் விட்ருங்க.”

“மரக்கட்டைன்னு வச்சுக்கிருவமா?”

ஆசீர்வாதத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. சைக்கிளை எடுத்தவன், என்னவோ தோன்றித் திரும்பினான்.

“ஏண்ணே, சுருளிய மட்டும் தங்கம், வைரம்னு வாய் நெறையாப் புகழ்றீங்களே. அவனுக்குக் கண்ணு படாதா?”

விருமாண்டி தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“படணும்னுதான் சார்.”