ரசிகன் வரைந்த இறக்கை

"ரசிகன்னா இவனல்லவா ரசிகன்!" என்று சொல்லிக்கொண்டே இயக்குநர் ஒரு படத்தைத் தையல் மேஜைமேல் விரித்தார். அவருடைய இசை நாடகத்தில் வரும் காக்கை ராணியை யாரோ வரைந்து, பேர்கூடப் போடாமல் அரங்க வாசலில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

உடை தைக்கும் அக்கா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டுப் பார்த்தாள்.

"பாரும்மா, ராணி கையைத் தூக்கிப் பாடினா அங்கிக் கையிலேருந்தே இறக்கை விரியுது! நீ முதுகுல மூட்டை மாதிரி கட்டி வெச்சிருக்கே."

"முதுகுல கட்டச் சொன்னது நீங்கதான் சார்."

"உனக்கா எதுவும் தோணாதா?"

"தோணிச்சு. சொன்னேன். 'தைக்கிற வேலையை மட்டும் பாரு'ன்னீங்க."

"நீ சொல்றது வேற, ரசிகன் சொல்றது வேற. இப்படித் தைக்க எத்தனை நாளாகும்?"

அக்கா எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். அங்கிக் கையோடு சேர்த்துத் தைத்த இரண்டு கறுப்பு இறக்கைகள், இஸ்திரி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன.

இயக்குநருக்கு ஒன்றும் புரியவில்லை. "படமே இன்னைக்குக் காலையிலதான் வந்துச்சு. அதைப் பார்த்து அதுக்குள்ள எப்படித் தைச்சே?"

"படத்தைப் பார்த்துத் தைக்கலை சார்," என்றாள் அக்கா. "தைச்சதைப் பார்த்துத்தான் வரைஞ்சேன்."