குடும்பத்தில் வேறு யாருக்கும்?

"இடப்பக்கம் சரிஞ்சு படுங்கோ தம்பி. அசையாதைங்கோ."

முனீப் சரிந்து படுத்தான். வளைந்த முதுகு இடங்கொடுக்கவில்லை. கையும் காலும் தம்பாட்டில் உதறின. இதய ஸ்கேன் எடுக்கும் இன்பமலர் திரையை உற்றுப் பார்த்தார். விலா எலும்பின் நிழலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"எப்ப தொடக்கம் நானா, இவருக்கு இப்பிடி?" என்று தகப்பனை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"சைக்கிளால விழுந்தவன் மிஸ். அதுக்குப் பிறகுதான்," என்றார் அவனுடைய வாப்பா ஸெய்னுதீன், கண் இமைக்காமல்.

"எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாதே வாப்பா!"

"தெரியாததாலதானேடா விழுந்த!"

இன்பமலர் சிரிக்கவில்லை. "குடும்பத்தில வேற ஆருக்கும் நடை தள்ளாடினதோ? பரம்பரை நரம்பு வருத்தமெண்டா இதயத் தசையும் பழுதாகும். இந்த ஸ்கேனில வடிவாப் பார்க்க ஏலாது. கொழும்புக்கு எழுதி எம்.ஆர்.ஐ. எடுக்கவேணும். மறைச்சா, மகன்ட உயிருக்குத்தான் ஆபத்து."

ஸெய்னுதீன் மகனின் உதறும் காலைப் பார்த்தார். இதே தள்ளாட்டத்தோடு நடந்து, இருபத்தெட்டு வயதில் இதயம் நின்றுபோன தம் இளைய சகோதரன் கண்முன் வந்து நின்றான்.

ஆனால், அடுத்த மாதம் மகளின் கலியாணம். மூதூர் மாப்பிள்ளை, தூரத்துச் சொந்தம், மூன்று தலைமுறை விசாரித்துத் தேர்ந்த குடும்பம். முனீப் கட்டாரில் வேலை பார்ப்பதாக அவர்களிடம் சொல்லியாயிற்று. சொந்த ஊரான கிண்ணியாவில் காட்டாமல் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கள்ளமாய் வந்ததும் அதனால்தான்.

"அப்பிடி ஒருத்தரும் இல்ல மிஸ். எங்கடது சுத்தமான குடும்பம்."

கதவு திறந்தது. தம்மைத்தான் அழைத்தார்கள் என்றெண்ணி உள்ளே நுழைந்தார் மாப்பிள்ளையின் வாப்பா அஸீம். அவர் தோளைப் பற்றியபடி, கால்கள் பின்ன நடந்து வந்தாள் அவருடைய மகள். கொழும்பில் படிப்பதாகச் சொல்லப்பட்டவள்.

கட்டிலில் கிடந்த முனீப்பை அஸீம் பார்த்தார்.

"சம்மந்தி... முனீப் கட்டாரில இருந்து எப்ப வந்தவன்?"

"உங்கட மகளுக்குக் கொழும்பில லீவோ, சம்மந்தி?"

இன்பமலர் குறுக்கிட்டார். "சொந்தத்துக்குள்ளயோ சம்பந்தம்?"

"ஓம்," என்றனர் இருவரும்.

"மகளுக்கு என்ன நடந்தது நானா?"

அஸீம் கூரையைப் பார்த்தார்.

"அது மிஸ்... சைக்கிளால விழுந்தவ."

இன்பமலர் பேனையை எடுத்தார்.

"அப்ப, ரெண்டு பேரின்ட படிவத்திலயும் பரம்பரை நோய் எண்ட இடத்தில சைக்கிள் எண்டே எழுதிவிடட்டோ?"